மூடியைத் திரும்பப் போடும் கை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொருளை நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று விழாக் குழுவினர் தொலைபேசியில் சொன்னார்கள். ஊசி குத்துவதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றியோ, பெருந்தொற்றைப் பற்றியோ எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த ஊசி, எடுத்தவர் விரலிலேயே குத்திவிடுவதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதைக் குப்பையாக அள்ளிப்போகிறவர் கையில் குத்துவதையும் சேர்த்து. நுண்ணுயிரியல் ஆய்வகத்திலும் தொற்றுத் தடுப்புக் குழுவிலும் வேலை பார்த்த எனக்கு, மருத்துவமனையின் யோக்கியதையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைத்ததில்லை.

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1847 மார்ச் மாதம், வியன்னா பொது மருத்துவமனை. தடயவியல் மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொலெட்ச்கா பிணப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. சின்னக் காயம். சில நாட்களில் கை வீங்கியது, நுரையீரல் உறையிலும் வயிற்று உறையிலும் மூளை உறையிலும் அழற்சி பரவியது, இறந்துபோனார். வெனிஸுக்குப் போயிருந்த அவருடைய நண்பர் இக்னாஸ் செம்மல்வைஸ் திரும்பிவந்து பரிசோதனை அறிக்கையைப் படித்தார். பிரசவ வார்டில் தாய்மார்களைக் கொன்றுகொண்டிருந்த காய்ச்சலில் அவர் பார்த்த அதே கேடுகள் நண்பனின் உடலிலும் இருந்தன. பிணத்திலிருந்து ஏதோ ஒன்று கத்தி வழியாக நண்பனுக்குள் போயிருக்கிறது. அதே ஒன்று மருத்துவர்களின் கை வழியாகத் தாய்மார்களுக்குள் போகிறது என்று புரிந்துகொண்டார். அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார்.

கை கழுவும் நாள் வரும்போதெல்லாம் செம்மல்வைஸ் படத்துக்கு மாலை போடுகிறோம். அந்த அறிவு பிறந்தது ஒரு மருத்துவமனைப் பணியாளரின் விரலில் பட்ட காயத்திலிருந்து என்பதை யாரும் நினைப்பதில்லை. நான் இதில் கவனிப்பது வேறொன்று. நண்பனை இழந்த செம்மல்வைஸ், அந்த மாணவன் ஏன் கவனமாக இல்லை என்று விசாரணை வைத்திருக்கலாம். அவர் கேட்டது, அந்தக் கத்தியில் என்ன இருந்தது என்று. அப்படிக் கேட்டதால்தான் விடை கிடைத்தது. மாணவனைப் பிடித்திருந்தால் ஒரு மாணவன் கிடைத்திருப்பான், அவ்வளவுதான்.

நம் வார்டுகளில் என்ன கேட்கிறோம்? ஒரு பயிற்சிச் செவிலியர், விரலைப் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர், குத்திடுச்சு” என்று வந்து நிற்கிறாள். “ஏம்மா, பாத்துப் பண்ண மாட்டியா?” என்பதுதான் அநேகமாக முதல் பதில். கேட்பவர் கெட்டவர் அல்ல. பதற்றத்தில் வருகிற வார்த்தை. ஆனால் அந்த ஒரு கேள்வி அடுத்த பத்துப் பேரின் வாயை அடைத்துவிடும். அடுத்த தடவை குத்துப்பட்டவள் பாத்ரூமுக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஊசி போடத் திரும்பிவிடுவாள்.

எதற்குப் பயப்பட வேண்டும், எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1984 இறுதியில் ‘லான்செட்’ இதழில் சிறு குறிப்பு ஒன்று வெளிவந்தது. இங்கிலாந்தில் செவிலியர் ஒருவருக்கு, ஊசி குத்தியதால் எய்ட்ஸ் வைரஸ் தொற்றியிருந்தது. ஊசிக் காயத்தால் அந்த வைரஸ் பரவியதாகப் பதிவான முதல் நிகழ்வு அது. இரண்டே ஆண்டுகளில், 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. சோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். அந்த மாதிரிகளைக் கையில் எடுத்துப்போனவர்களுக்கும் விரல்கள் இருந்தன என்பதை இன்றைய மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். அன்று தடுப்பு மருந்து கிடையாது, சிகிச்சையும் கிடையாது. அந்தக் காலத்துப் பயம் நியாயமானதுதான்.

ஆனால் பயம் ஒரு பக்கமும் ஆபத்து இன்னொரு பக்கமுமாகப் போய்விட்டது. எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி தோலைத் துளைத்தால், தடுப்பு மருந்து எதுவும் சாப்பிடாத நிலையில் தொற்றும் வாய்ப்பு 1,000க்கு 3. கண்ணிலோ வாயிலோ தெறித்தால் 1,000க்கு 1கூட இல்லை. ஹெபடைடிஸ் சி-க்கு 100க்கு 2 என்று பழைய கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகள் அதையும் வெகுவாகக் குறைத்துக் காட்டுகின்றன. ஹெபடைடிஸ் பி-க்கோ, தடுப்பூசி போடாதவருக்கு 100க்கு 6 முதல் 30 வரை. நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உலர்ந்துபோன இரத்தத் துளியில்கூட அந்த வைரஸ் 7 நாள் உயிரோடு இருக்கும். மருத்துவமனை ஊழியர்களைக் காலம்காலமாகச் சத்தமில்லாமல் கொன்றுவந்தது அதுதான். கல்லீரல் கெட்டு இருபது வருஷம் கழித்துச் சாகும்போது ஊசியை யார் நினைத்துப் பார்க்கப்போகிறார்கள்?

அந்த ஆபத்துக்குத்தான் தடுப்பூசி இருக்கிறது. 3 தவணை: இன்று ஒன்று, 1 மாதம் கழித்து ஒன்று, 6ஆம் மாதம் ஒன்று. அமெரிக்காவில் 1983இல் சுமார் 17,000 மருத்துவப் பணியாளர்களுக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றியது. 1995இல் அது 400ஆக இறங்கிவிட்டது. தடுப்பூசியும், எல்லா இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதும் பழக்கமும் சேர்ந்து செய்த வேலை. நம் ஊரில் 2 தவணை போட்டுவிட்டு மூன்றாவதை மறந்தவர்களை எண்ணி மாளாது. மூன்றும் போட்டவர்களிலும், ஓரிரு மாதம் கழித்து எதிர்ப்பாற்றல் உண்டாகியிருக்கிறதா என்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. இரத்தத்தில் அந்த அளவு 10 அலகு இருந்தால், நாளைக்கு எந்த ஊசி குத்தினாலும் ஹெபடைடிஸ் பி-யைப் பற்றிய கவலையே வேண்டாம். போட்டும் உண்டாகாதவர்கள் சிலர் எப்போதும் இருப்பார்கள். தாங்கள் யார் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா?

இந்த இடத்தில் யாராவது கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். 1988இல் ‘லான்செட்’டில், சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க்கையும் உடன் சேர்த்துக்கொண்டு, கீழாநெல்லி கொடுத்த நாள்பட்ட தொற்றாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்ததாக எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்த கட்டுரை. பிற இடங்களில் செய்துபார்த்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஊசி குத்திய அன்று வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. குடித்துவிட்டுத் தடுப்பூசியை விட்டுவிடுகிறார்களே, அதில்தான் சண்டை.

இனி, ஊசி ஏன் குத்துகிறது?

கவனக்குறைவால் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். இதைச் சோதித்துப் பார்த்தவர் ஜானைன் ஜாகர் என்ற அமெரிக்கத் தொற்றுநோயியலாளர். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அதற்கு முன் சாலை விபத்தில் மூளைக் காயங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். விபத்தை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு பாடம் தெரியும்: ஓட்டுநருக்கு அறிவுரை சொல்லிக் காப்பாற்றிய உயிர்களைவிட, காரின் அமைப்பை மாற்றிக் காப்பாற்றிய உயிர்கள் அதிகம். அந்தக் கண்ணோடு மருத்துவமனைக்குள் வந்தார். ஒரு மருத்துவமனையில் 10 மாதங்களில் நடந்த 326 ஊசிக் காயங்களைத் தானும் குழுவினரும் விசாரித்து 1988இல் வெளியிட்டார். யார் குத்திக்கொண்டார்கள் என்பதை விட்டுவிட்டு, எந்தக் கருவி குத்தியது, அந்த நொடியில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டார்.

எண்ணிக்கையில் பார்த்தால் சாதாரண டிஸ்போசபிள் சிரிஞ்சுதான் முதல் குற்றவாளி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆனால் அந்த மருத்துவமனை எந்தக் கருவியை எத்தனை வாங்கியது என்ற கணக்கோடு வகுத்துப் பார்த்தபோது படம் தலைகீழானது. சிரிஞ்சு 1 லட்சத்துக்கு 7 காயம்கூட ஏற்படுத்தவில்லை. சலைன் குழாயோடு ஊசி பொருத்திய அமைப்பு 1 லட்சத்துக்கு 36க்கு மேல். ஐந்து மடங்குக்கும் அதிகம். பயன்படுத்தியபின் கழற்ற வேண்டிய கருவிகள் எல்லாமே அதிகம் குத்தின. ஒரே செவிலியர், ஒரே கை, ஒரே கவனம். கருவி மாறினால் காயம் ஐந்து மடங்கு. கவனக்குறைவு என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மூடியைப் பற்றியது. காயங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடும்போது ஏற்பட்டவை. போடாதே என்று அப்போதே எல்லா மருத்துவமனைச் சுவரிலும் எழுதிப் போட்டிருந்தார்கள். பிறகு ஏன் போட்டார்கள்? கேட்டபோது காரணம் சொன்னார்கள். ஊசி திறந்திருக்கும்போது குழாயிலிருந்து கழற்றப் பயமாக இருந்தது. கையில் திறந்த ஊசிகள் பல இருந்தன. எல்லாவற்றையும் ஒரே நடையில் தூரத்துப் பெட்டிவரை எடுத்துப்போக வேண்டியிருந்தது. அதாவது, இன்னொரு ஆபத்திலிருந்து தப்பிக்கத்தான் மூடியைப் போட்டார்கள். அறியாமையால் அல்ல. இரண்டு ஆபத்துகளுக்கு நடுவில் நிற்கவைத்துவிட்டு, அதில் ஒன்றை மட்டும் தடைசெய்து சுவரொட்டி ஒட்டினால் என்ன பயன்?

இதைப் படித்தபின் நம் வார்டுக்குள் போய்ப் பாருங்கள். கட்டில்கள் வரிசையாக, இடையில் தரையிலும் பாய் போட்டு நோயாளிகள். நீடில் கட்டர் எங்கே இருக்கிறது? நர்ஸ் மேஜையில், பிளக் இருக்கிற இடத்தில். கடைசிக் கட்டிலில் இரத்தம் எடுத்த ஊசி வார்டின் முழு நீளத்தையும் கடந்து அங்கே வர வேண்டும். வழியில் நோயாளியின் மாமியார் நிறுத்தி, “சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?” என்பார். கிட்னி டிரேயில் பஞ்சுக்கு அடியில் ஊசி ஒளிந்திருக்கும். அந்தச் செவிலியர் வழியில் ஊசியை மூடினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே கையால் மூடியை மேஜைமேல் வைத்து ஊசியால் அள்ளி எடுக்கச் சொல்லிக்கொடுப்பேன். அதோடு, பெட்டி ஏன் கட்டிலுக்கு வரவில்லை என்று கண்காணிப்பாளரிடம் கேட்பேன். மருந்துத் தள்ளுவண்டியில், கை எட்டும் தூரத்தில், துளைக்க முடியாத வெள்ளை டப்பாவைக் கட்டிவைக்க என்ன பெரிய செலவாகிவிடும்? 2016இன் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் கூர்ப்பொருளுக்கு அந்த வெள்ளை டப்பாவைத்தான் சொல்கின்றன. டப்பா முக்கால் நிறைந்ததும் மாற்ற வேண்டும். நிறைந்து வழியும் டப்பாவுக்குள் இன்னொரு ஊசியைத் திணிக்கும் கையைப் போல ஆபத்தான கை கிடையாது.

அப்படிப்பட்ட டப்பாவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1998இல் கேரன் டேலி என்ற அமெரிக்கச் செவிலியர், அவசரப் பிரிவில் இரத்தம் எடுத்த ஊசியை டப்பாவில் போடக் கையை நீட்டினார். உள்ளேயிருந்து நீட்டிக்கொண்டிருந்த வேறொரு ஊசி கையுறையைத் துளைத்து விரலில் ஏறியது. யாருடைய இரத்தம் என்று தெரியாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, இரண்டும் தொற்றின. இருபது வருஷத்துக்கு மேல் அனுபவமுள்ள செவிலியர், விதிப்படிதான் நடந்துகொண்டார். நோயாளியைப் பார்க்கும் வேலையை விட்டார். தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் ஊரூராகப் பேசினார். 2000 நவம்பர் 6ஆம் தேதி அதிபர் கிளிண்டன் ஊசிக் காயத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பின்னாளில் டேலி அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் தலைவரும் ஆனார்.

அந்தச் சட்டத்தில் நமக்கு உதவக்கூடிய இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, காயப் பதிவேடு: எந்த வகைக் கருவி, எந்தத் தயாரிப்பு, எந்த இடம், எப்படி நடந்தது என்று எழுத வேண்டும், குத்துப்பட்டவரின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது. இரண்டு, எந்தக் கருவியை வாங்குவது என்று முடிவு செய்யும்போது அதைக் கையாளுகிற ஊழியர்களிடம் கேட்க வேண்டும். நம் கொள்முதல் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்களில் கடைசியாக நரம்பில் ஊசி ஏற்றியவர் யார், எந்த வருஷம் என்று கேட்டுப் பார்த்தால் நல்ல பொழுதுபோக்காக இருக்கும். குறைந்த விலைப்புள்ளிக்கு டெண்டர் என்றால், நோயாளியின் நரம்பிலிருந்து வெளியே வரும்போதே முனை தானாக மூடிக்கொள்ளும் கேனுலா ஒருநாளும் ஜெயிக்காது. ஏனென்றால் அதன் விலை ஒரு கணக்கில் எழுதப்படுகிறது. குத்துப்பட்டவருக்கான பரிசோதனை, மருந்து, விடுப்பு, உறக்கமில்லாத மாதங்கள் எல்லாம் இன்னொரு கணக்கில் போகின்றன, அல்லது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். “எங்களிடம் பாதுகாப்பு சிரிஞ்சு இருக்கிறது, ஒருமுறை போட்டால் பூட்டிக்கொள்ளும்” என்று நிர்வாகிகள் பெருமையாகச் சொல்வார்கள். தடுப்பூசித் திட்டத்தில் வருகிற அந்தச் சிரிஞ்சு, இரண்டாம் முறை பயன்படுத்த முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. அது காப்பாற்றுவது அடுத்த குழந்தையை. ஊசிமுனை அப்படியேதான் திறந்திருக்கிறது. போட்டவர் கையைக் காக்க முனையே உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், அல்லது உறை வந்து மூட வேண்டும். இரண்டும் வேறு வேறு வசதிகள். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இவற்றைத் தனித்தனியாகத்தான் பேசுகிறது. வாங்கும்போது எது என்று கேட்டு வாங்குங்கள்.

அறுவை அரங்கைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவே தேவைப்படும். தையல் ஊசிக்கு நடுவில் துளை இல்லாததால் இரத்தம் சுமப்பது குறைவு. கையுறை அதையும் கொஞ்சம் துடைத்துவிடுகிறது. தசையைத் தைக்க மழுங்கிய முனை ஊசி வந்துவிட்டது. கையுறை கிழிவதை அது பாதியாகக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இரட்டைக் கையுறை போடலாம். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் தட்டில் வைத்து எடுக்கலாம். இவ்வளவும் தெரிந்திருந்தும், “எனக்கு மழுங்கின ஊசி கைக்கு வராது” என்று பெரிய சர்ஜன் ஒருவர் சொல்லிவிட்டால் அந்த அரங்கில் பேச்சு முடிந்துவிடுகிறது.

அறுவைக்கு முன் எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவிட்டு, ‘பாசிட்டிவ்’ என்றால் மட்டும் இரட்டைக் கையுறை, சிவப்புக் குறி, கடைசியாக ஆபரேஷன் என்ற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. 1987இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் எல்லா நோயாளிகளின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் எளிது. தொற்று ஏற்பட்ட புதிதில் வைரஸ் ஏராளமாக இருக்கும், பரிசோதனையோ ‘நெகட்டிவ்’ என்று சொல்லும். சிவப்புக் குறி போட்டவரிடம் கவனமாக இருந்துவிட்டு, குறியில்லாதவரிடம் அசட்டையாக இருக்கிறோம். குறி பட்டவருக்கோ வார்டு முழுக்க அவமானம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சம்மதமில்லாத பரிசோதனையையும் இரகசியத்தை வெளியிடுவதையும் தடுக்கிறது. அதே சட்டம், தொற்று அபாயமுள்ள நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும், குத்துப்பட்டால் தடுப்பு மருந்தும் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. நோயாளியின் மானமும் ஊழியரின் உயிரும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. நாம்தான் ஒன்றுக்கு எதிராக மற்றதை நிறுத்துகிறோம்.

சரி, குத்திவிட்டது. என்ன செய்வது?

விரல் தானாக வாய்க்குப் போகும். சமையலறையில் வெட்டுப்பட்டால் சப்புகிற பழக்கம் அது, போகவிடக் கூடாது. பிதுக்கி இரத்தத்தை வெளியேற்றுவதும் வேண்டாம். ஸ்பிரிட், பீட்டடின், பிளீச் எதுவும் வேண்டாம். தோலைக் கெடுத்து வழியைத்தான் பெரிதாக்கும். சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போதும். கண்ணில் தெறித்தால் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதல் கழுவல் முடியும்வரை எடுக்க வேண்டாம்.

கழுவியதும் சொல்ல வேண்டும். கையிலிருந்த வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த நிமிஷமே. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் கொடுப்பதில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். பழைய மருந்துகளின் வாந்தியும் தலைசுற்றலும் இதில் வெகுவாகக் குறைந்துவிட்டன. இது வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: ஜிடோவுடின் என்ற ஒற்றை மருந்து மட்டும் இருந்த காலத்திலேயே, 1997இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு 81% குறைந்ததாகக் கண்டது. எந்தக் காயம் அதிக ஆபத்து என்பதையும் அதே ஆய்வுதான் பிரித்துச் சொன்னது: ஆழமாகக் குத்தியது, ஊசியில் இரத்தம் கண்ணுக்குத் தெரிந்தது, நரம்பிலோ தமனியிலோ இருந்து வந்த ஊசி, நோய் முற்றிய நோயாளி.

முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு மற்றதை யோசிக்கலாம். நோயாளியிடம் நடந்ததைச் சொல்லிச் சம்மதம் வாங்கி அவர் இரத்தத்தைப் பரிசோதிக்கலாம். பெரும்பாலோர் மறுப்பதில்லை, பணிவாகக் கேட்டால். அவருக்குத் தொற்றில்லை என்று உறுதியானால் மருந்தை நிறுத்திவிடலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர் என்றால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தடுப்பூசியின் முதல் தவணையும், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். ஹெபடைடிஸ் சி-க்கு முன்தடுப்பு மருந்து இல்லை. ஆனால் சில வாரங்களில் பரிசோதித்து, தொற்றியிருந்தால் மாத்திரையாலேயே 100க்கு 95 பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிறது. தேசியத் திட்டத்தின் கீழ் 2018 முதல் அது இலவசம்.

இவ்வளவு இருந்தும் எங்கே தடுக்கிக்கொள்கிறோம்? இரவு 2 மணிக்கு. மாத்திரை, எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் இருக்கிறது, மையம் பூட்டியிருக்கிறது. சாவி வைத்திருப்பவர் காலை 9 மணிக்கு வருவார். அவசரப் பிரிவிலும் பிரசவ அறையிலும் தொடக்க மாத்திரைகளை வைத்திருந்தால் போதும். பணி மருத்துவரே எடுத்துக் கொடுக்கலாம். மருந்து விலையுயர்ந்தது என்பதால் அல்ல, கணக்கு யார் எழுதுவது என்பதால்தான் பல இடங்களில் இது நடக்காமலிருக்கிறது.

அடுத்து வருகிற மாதங்களைப் பற்றி நம் வழிகாட்டி நூல்களில் இரண்டு வரிதான் இருக்கும். 6 வாரத்தில், 3 மாதத்தில், 6 மாதத்தில் பரிசோதனை. அதற்கிடையில் ஆணுறை, இரத்ததானம் கிடையாது. படிக்க எளிது. அந்தச் செவிலியருக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருக்கலாம். வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது? கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளாக இருக்கலாம். மாமியார் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு இணையத்தில் பெயரைத் தேடினால்? ஆஸ்பத்திரியில் ஒருத்திக்கு எய்ட்ஸாம் என்று கேன்டீனில் பேச்சு எழும். இதனால் 28 நாள் மருந்தைப் பத்தாம் நாளே நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். பக்கவிளைவால் நிறுத்தினேன் என்று எழுதிக்கொடுப்பார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்து ஆலோசகரை நோயாளிகளுக்கு மட்டும் அனுப்புகிறோம். நம் ஊழியர்களுக்கும் அவர் தேவை. கணவரையோ மனைவியையோ உடன் அழைத்து உட்காரவைத்து, 1,000க்கு 3 என்றால் என்ன, மருந்து சாப்பிட்டால் அது எவ்வளவு குறையும் என்று மருத்துவரே ஒருமுறை சொன்னால், வீட்டில் பாதி அழுகை நின்றுவிடும். மேல்செவிலியர், “ஏம்மா, பாத்துப் பண்ண மாட்டியா” என்பதற்குப் பதிலாக, “கை கழுவினியா? வா, நான் கூட வர்றேன், உன் பேஷண்ட்டை அவ பாத்துப்பா” என்று சொன்ன வார்டுகளையும் பார்த்திருக்கிறேன். அந்த வார்டுகளின் பதிவேட்டில் காயங்கள் அதிகமாக இருக்கும். நிர்வாகம் உடனே மெமோ கொடுக்கும்: உங்கள் வார்டில் மட்டும் ஏன் இவ்வளவு? பூஜ்யம் என்று எழுதியிருக்கிற வார்டுக்கு மெமோ போக வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாக, ஊசி போடாமலே குத்துப்படுகிறவர்கள். மஞ்சள் கழிவுப் பையைத் தூக்கும்போது தொடையில் குத்துகிறது. படுக்கை விரிப்பைச் சுருட்டும்போது, கேனுலா போட்டவர் கட்டிலிலேயே விட்டுப்போன உள்ஊசி உள்ளங்கையில் ஏறுகிறது. சலவைக்கூடத்தில் குத்துகிறது. எந்த நோயாளியின் ஊசி என்று அவர்களால் சொல்ல முடியாது. சிகிச்சையை முடிவு செய்வதே சிக்கலாகிவிடும். செவிலியருக்கு ஊசி குத்தினால் அது விபத்து. தூய்மைப் பணியாளருக்குக் குத்தினால் அவர் செய்யாத தவறுக்கு அவர் கொடுக்கும் விலை. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்பது 2016 விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் அவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். எங்கள் ஆட்கள் இல்லை என்கிறது மருத்துவமனை. ஆள் அடிக்கடி மாறுகிறார்கள், மூன்றாம் தவணைக்குள் போய்விடுகிறார்கள் என்கிறது நிறுவனம். குத்துப்பட்ட அன்று கூலி போய்விடும் என்று அந்த அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த பையை எடுக்கிறார்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, நடைமுறையில் செய்யக்கூடியதுதான். ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்க்க வேண்டும்: முதல் தவணை போட்ட சீட்டு இல்லாமல் யாரும் வார்டுக்குள் வேலைக்கு வரக் கூடாது, தடுப்பூசியை மருத்துவமனையே இலவசமாகப் போடும், குத்துப்பட்ட நாளுக்கும் அலைச்சலுக்கும் முழுக் கூலி, மாதப் பட்டியலோடு ஒவ்வொருவரின் தவணைத் தேதிகளும் வராவிட்டால் அந்த மாதத் தொகை நிறுத்திவைக்கப்படும். தேதி கேட்டால் கொடுப்பார்கள். பணத்தோடு சேர்த்துக் கேட்டால் கட்டாயம் கொடுப்பார்கள். முன்வரிசையில் இரண்டு மருத்துவக் கண்காணிப்பாளர்களும் ஒரு ஒப்பந்ததாரரும் உட்கார்ந்திருப்பதாக விழாத் தலைவர் என் காதில் சொன்னார். கூட்டம் முடிந்ததும் அந்த விதியின் வாசகத்தை மூவரோடும் உட்கார்ந்து எழுதத் தயாராக வந்திருக்கிறேன்.